கின்ஸாவில் சுஷி சாப்பிடப் போகிறவருக்கு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அடுத்த மாதம் வேலை விஷயமாக டோக்கியோ போகிறீர்கள், மனைவியும் கூட வருகிறார். உங்கள் கம்பெனியின் ஜப்பானிய வாடிக்கையாளர் ஒருவர், அந்த ஊரின் விலை உயர்ந்த கடைவீதிப் பகுதியான கின்ஸாவில், எட்டே இருக்கைகள் கொண்ட ஒரு சுஷிக் கடைக்கு இருவரையும் அழைத்திருக்கிறார். சுஷி என்றால், வினிகர் கலந்த சோற்றைச் சின்னதாகப் பிடித்து அதன் மேல் மீன் துண்டு வைத்துத் தருவது. உங்களுக்கு வஞ்சிரம் வறுவலும் மீன் குழம்பும்தான் பழக்கம். மனைவி முட்டைகூடத் தொடாத சைவம். ஆளுக்கு 40,000 யென் ஆகும் என்று தெரிந்ததும், "பச்சை மீனுக்கா இவ்வளவு விலை, அங்கே எப்படி நடந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். விலையையும் மரியாதையையும்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வாயில் வைக்க முடியாமல் போய், அழைத்தவரின் முகம் வாடிவிடுமோ என்ற பயம்தான் அதற்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். பதினைந்து வருடமாக டோக்கியோவில் கடலுணவு இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் மீனின் தரம் பார்க்கும் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், விடிவதற்கு முன்பே டோக்கியோவின் மொத்த மீன் சந்தையான தோயோசுவில் நிற்பேன். சுஷிக் கடையில் கத்தி பிடித்தவன் இல்லை. அதனால் மீனைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நடக்கும் கைவேலையைப் பற்றிச் சொல்வதெல்லாம், இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தும் அந்தச் சமையல்காரர்களோடு சந்தையில் பேசியும் தெரிந்துகொண்டவை.

முதலில் அவசரமான காரியம், உங்கள் மனைவியின் சாப்பாடு. இன்றைக்கே அழைத்தவருக்குச் சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட கடைகளில் மெனு கிடையாது. என்ன தருவது என்பதைச் சமையல்காரரிடமே விட்டுவிடுவதுதான் முறை, அதற்கு 'ஒமகாஸே' என்று பெயர். அன்றைய மீனை வைத்துத்தான் மொத்தச் சாப்பாடும் அமைகிறது. சைவமாக எதையாவது சமாளிக்கலாம் என்று நினைத்தால், மீனின் மேலே தடவும் சோயா சாஸில்கூட சூரைமீன் கருவாட்டைக் கொதிக்கவைத்த சாறு கலந்திருக்கலாம். சூப்பிலும் அதே சாறு. முட்டைப் பண்டத்தில் பெரும்பாலும் இறாலோ மீனோ அரைத்துச் சேர்த்திருப்பார்கள். 'கன்ப்யோ' என்று சுரைக்காயை நாடாபோலச் சீவி, உலர்த்தி, சோயாவிலும் சர்க்கரையிலும் வேகவைத்துச் சுருட்டித் தருவது உண்டு. நம் சுரைக்காய்தானே என்று அதையும் நம்பிவிட முடியாது, அந்தச் சாறு அதிலும் சேர்ந்திருக்கலாம். மிஞ்சுவது வெள்ளரிக்காய் சுருள் ஒன்றுதான். பல கடைகள் சைவ விருந்தாளியை ஏற்பதே இல்லை. அது அவமதிப்பு கிடையாது, கொடுக்க எதுவும் இல்லை என்பதுதான் காரணம். புத்த மடங்களிலிருந்து வந்த 'ஷோஜின் ரியோரி' என்ற மரக்கறிச் சாப்பாடு டோக்கியோவில் நன்றாகவே கிடைக்கிறது. அதில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அங்கும் மீன் சாறு சேர்க்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. முன்கூட்டியே சொன்னால் ஜப்பானியர்கள் சந்தோஷமாக வேறு ஏற்பாடு செய்வார்கள். கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகு சொல்வதுதான் அவர்களைச் சங்கடப்படுத்தும்.

சரி, இனி உங்கள் விஷயம். 'பச்சை மீன்' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டோக்கியோவின் பழைய பெயர் எடோ. இந்தச் சுஷிக்கு 'எடோமே' என்று பெயர், எடோவுக்கு முன்னால் இருக்கும் வளைகுடாவைக் குறிக்கும் சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெருவோரத் தள்ளுவண்டிகளில் நின்றபடி தின்ற சாப்பாடு அது. ஹனாயா யோஹெய் என்பவரைத்தான் இதைத் தொடங்கிவைத்தவராகச் சொல்வது வழக்கம். அவர் ஒருவரே கண்டுபிடித்தாரா என்பது சந்தேகம்தான். அந்தக் காலத் தள்ளுவண்டியில் ஐஸ் இல்லை என்பது மட்டும் நிச்சயம். பிடித்த மீன் கெடாமல் இருக்க உப்பில் போட்டார்கள், வினிகரில் நனைத்தார்கள், சோயாவில் ஊறவைத்தார்கள், வேகவைத்தார்கள். அதற்கும் முந்தைய சுஷி, சோற்றுக்குள் மீனைப் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவிட்டது. நம் பழைய சோறு புளிக்கிற அதே லாக்டிக் அமிலப் புளிப்பு. பீவா ஏரிப் பக்கம் 'ஃபுனாஸுஷி' என்ற பெயரில் அது இன்றும் கிடைக்கிறது. மாதக்கணக்கில் காத்திருக்க முடியாத நகரத்துக்காரர்கள் சோற்றில் வினிகரைக் கலந்து அந்தப் புளிப்பை உடனே வரவழைத்தார்கள். ஐஸ்பெட்டி வந்த பிறகும் அந்தப் பழைய கைமுறைகளை ருசிக்காக வைத்துக்கொண்டார்கள். மீனின் மேல் செய்யும் இந்த முன்வேலைக்குச் சமையல்காரர்கள் சொல்லும் பெயர் 'ஷிகோதோ', அதாவது 'வேலை'. உங்களை அழைத்தவர் கொடுக்கப் போகும் காசு பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான் போகிறது.

கொஹாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி மீன், முதுகில் வரிசையாகக் கரும்புள்ளி. நம் மத்திக்கு உறவு, முள் அதிகம், சந்தையில் பெரிய மதிப்பில்லாத சாதி. வளர வளர அதன் பெயர் மாறும். குட்டியாக இருக்கும்போது ஷின்கோ, பிறகு கொஹாதா, நகாஸுமி, முழுதாக வளர்ந்தால் கொனோஷிரோ. சமையல்காரர் அதன் செதிலை உரசி, தலையை வாங்கி, வயிற்றுப் பக்கமாகப் பிளந்து விரித்து, உப்பைத் தூவி வைப்பார். எவ்வளவு நேரம் என்பதற்கு எழுதிவைத்த கணக்கு கிடையாது. கோடையில் மெலிந்த மீனுக்கும் குளிர்காலத்தில் கொழுத்த மீனுக்கும் நேரம் வேறு. அன்றைய மீனைத் தொட்டுப் பார்த்து நிமிடக் கணக்கில் முடிவு செய்வார். கழுவி, வினிகரில் முக்கி எடுத்து, ஒரு நாளோ இரண்டு நாளோ ஆறவிட்ட பிறகுதான் அது உங்கள் தட்டுக்கு வரும். வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, அடுத்து உப்பு, கடைசியில்தான் மீனின் கொழுப்பு. பச்சை மீன் வாடையே இருக்காது. சந்தையில் எனக்குப் பழக்கமான சமையல்காரர்கள், புதிதாக ஒரு கடைக்குப் போனால் கொஹாதாவைத்தான் கவனித்துப் பார்ப்பதாகச் சொல்வார்கள். நல்ல சூரையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், நல்ல கொஹாதாவைச் செய்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் உங்கள் பயத்தைக் குறைக்கும். அன்றைக்கு வருவதில் ஒரு பகுதி வெந்ததாகவே இருக்கும். 'அனாகோ' என்ற கடல் விலாங்கு நாக்கில் கரையும் அளவுக்கு வெந்து, மேலே இனிப்பான கெட்டிச் சாறு தடவி வரும். இறாலை அவித்துத் தருவார்கள். 'ஹமாகுரி' என்ற மட்டியும் வெந்ததுதான்.

எங்கள் ஊரில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்போம், துள்ளத் துடிக்க இருப்பதுதான் நல்ல மீன் என்போம். குழம்புக்கு அது சரி. ஆனால் இங்கே வந்த பிறகுதான் அதில் பாதி மாற்றிக்கொள்ள வேண்டியது என்று புரிந்தது. மீன் செத்ததும் அதன் தசையில் இருக்கும் ஏடிபி என்ற பொருள் படிப்படியாகச் சிதைந்து ஐனோசினிக் அமிலமாக மாறுகிறது. 'உமாமி' என்று சொல்லும் அடிநாக்கு ருசிக்கு அதுதான் காரணம். சோயாவில் இருக்கும் குளுட்டமேட்டோடு அது சேரும்போது ருசி இன்னும் பல மடங்கு ஏறும். இதற்கு நேரம் வேண்டும். அப்போதுதான் வெட்டிய வெள்ளைச் சதை மீன் ரப்பர்போல இருக்கும், ருசி குறைவு. அதையே சரியாகக் குளிரில் ஒரு நாள் வைத்தால் வேறு மீனாகிவிடும். அதிகம் வைத்தால் ஐனோசினிக் அமிலமும் சிதைந்து கசப்பு தட்டும். இந்தச் சிதைவை அளக்க 'கே மதிப்பு' என்ற அளவுகோல் உண்டு. அது 20 சதவீதத்துக்குள் இருந்தால் பச்சையாகச் சாப்பிட ஏற்றது என்பது எங்கள் தொழிலில் பொதுவான கணக்கு. இதனால்தான் மீனவர்கள் படகிலேயே மூளையில் ஒரே குத்து குத்தி, ரத்தத்தை வடித்து, முதுகுத்தண்டுக்குள் மெல்லிய கம்பியை விட்டு நரம்பையும் அடக்குகிறார்கள். மீன் துடித்துத் துடித்துச் செத்தால் அந்த ஏடிபி துடிப்பிலேயே தீர்ந்துபோகும். படகிலேயே அப்படிக் குத்தி அடக்கும் முறைக்கு 'இகெஜிமே' என்று பெயர். சமீப காலமாகச் சில கடைகள் வாரக்கணக்கில் மீனைப் பழுக்கவைத்துத் தருகின்றன. அதில் உண்மையிலேயே ருசி கூடுகிறதா, மென்மை மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

வயிற்றுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். மறைக்காமல் சொல்கிறேன். கானாங்கெளுத்தி வகை, கணவாய், சூரை போன்றவற்றில் 'அனிசாகிஸ்' என்ற புழு இருக்கக்கூடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல்போல இருக்கும். வினிகர், உப்பு, வசாபி என்ற காரக் கிழங்கு விழுது எதற்கும் அது சாகாது. சாராயம் குடித்தால் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைத்தால் சாகும், நன்றாகச் சூடாக்கினால் சாகும். ஜப்பானிய சுகாதார அமைச்சகம் சொல்வதும் இதுதான். உறையவைக்காத மீனில் சமையல்காரரின் கண்ணும் கத்தியும்தான் காவல். குடலை உடனே எடுப்பது, சதையை வெளிச்சத்தில் பார்ப்பது, கணவாயின் மேல் நெருக்கமாகக் கத்திக் கீறல் போடுவது எல்லாம் அதற்காகவும்தான். நல்ல கடையில் ஆபத்து மிகக் குறைவு, ஆனால் பூஜ்ஜியம் இல்லை. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பால் எடுத்துவிடுவார்கள், இங்குள்ள டாக்டர்களுக்குப் பழக்கமான வேலை. கர்ப்பமாக இருப்பவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. அதற்கு மேல் மருத்துவம் பேச நான் ஆள் இல்லை.

நாக்கைப் பழக்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். டோக்கியோ போய் இறங்கியதும், விருந்துக்கு முந்தைய நாளாவது, தட்டுகள் சுற்றிவரும் 'கைதென்' சுஷிக் கடைக்குப் போங்கள். 1958ல் ஒசாகா பக்கத்தில் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் தொடங்கிய முறை அது. 200 யென்னுக்குள்ளேயே தட்டுகள் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை. சூரை ஒன்று, இறால் ஒன்று, வெள்ளைச் சதை மீன் ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள். அங்கே எல்லாரும் விரும்பித் தின்னும் சால்மனை மட்டும் கின்ஸாவில் எதிர்பார்க்க வேண்டாம். புழு இருக்கும் என்பதால் உள்ளூர் சால்மனை ஜப்பானியர்கள் பொதுவாகப் பச்சையாகத் தின்றதில்லை. 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் வளர்ப்புச் சால்மனை இங்கே விற்க முயன்ற பிறகுதான் அது சுஷியில் ஏறியது. எடோமே கடைகள் பல இன்னும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

விலைக்கு வருவோம். 2018 அக்டோபரில் த்சுகிஜியிலிருந்து தோயோசுவுக்கு மாறிய சந்தையில், அதிகாலையில் நீலத்துடுப்புச் சூரைகள் வரிசையாகத் தரையில் கிடக்கும். ஏலத்துக்கு முன்னால் வியாபாரிகள் குனிந்து, வால் வெட்டிய இடத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி விரல்களுக்கு நடுவே தேய்த்துக் கொழுப்பை உணர்வார்கள். பேச்சே இருக்காது. 2019 ஜனவரியின் முதல் ஏலத்தில் 278 கிலோ சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. அது புத்தாண்டு விளம்பரத்துக்காகக் கொடுத்த விலை, அன்றாட விலையோடு ஒப்பிடக் கூடாது. ஆனாலும் நல்ல மீனுக்கான போட்டி நிஜமானது. எட்டு இருக்கை, இரவில் இரண்டு பந்தி, உள்ளே இரண்டு மூன்று உதவியாட்கள், கின்ஸா வாடகை என்று கூட்டிப் பாருங்கள், 40,000 யென் எங்கே போகிறது என்று தெரியும். விலை இரட்டித்தால் ருசியும் இரட்டிக்குமா என்றால், நிச்சயமாக இல்லை. நீங்கள் சொந்தக் காசில் போவதாக இருந்தால், நல்ல கடையிலேயே 10,000, 15,000 யென் மதியச் சாப்பாட்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

நடந்துகொள்ளும் விதம் பற்றி இணையத்தில் நூறு விதி படித்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்து தவறவே கூடாதவை இரண்டு. ஒன்று, நேரம். எட்டுப் பேருக்கும் ஒன்றாகத்தான் தொடங்குவார்கள், பத்து நிமிடம் தாமதம் என்றால் ஏழு பேர் காத்திருப்பார்கள். இரண்டாவது, முன்னால் வைத்ததை உடனே சாப்பிடுவது. தோசைக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா போடப் போட சாப்பிட்ட தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு உடம்புச் சூட்டில் இருக்கிறது, மீன் அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி. அந்த வித்தியாசம் சீக்கிரமே போய்விடும். சமையல்காரர் ஈரக் கையால் ஒரு சிட்டிகைச் சோற்றை எடுத்து, நாலைந்து அசைவில் அதை வெளியே இறுக்கமாகவும் உள்ளே காற்றோட்டமாகவும் பிடிக்கிறார். நன்றாகப் பிடித்தது தட்டில் வைத்ததும் தன் எடையில் மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே அமுங்குவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். அது அமுங்கி முடிவதற்குள் வாய்க்குப் போய்விட வேண்டும். என் முதல் வருடத்தில், மேலதிகாரியோடு போன ஒரு கடையில், சூரையை முன்னால் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். சமையல்காரர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று பிடித்து வைத்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அன்றிலிருந்து கவுண்டரில் கை முந்தி, பேச்சு பிந்தி.

மற்றவை இவ்வளவு கறார் கிடையாது. கையால் சாப்பிடலாமா, குச்சியாலா என்றால் இரண்டுமே சரி. கையால் சாப்பிட்டுப் பழகிய நமக்கு அது வரம், சோறு உதிராது. ஒரே வாயில் போடுங்கள். பெரிதாக இருந்தால் சோற்றைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், 'ஷாரி சுகுனாமே' என்றால் போதும். மீனை மட்டும் தின்று சோற்றை ஒதுக்குவதுதான் மனதைப் புண்படுத்தும். மேலே பளபளவென்று காய்ச்சிய சோயா தடவி வந்தால் மறுபடி தோய்க்க வேண்டாம். தடவாமல் வந்தால் மீன் பக்கத்தை லேசாகத் தொட்டுக்கொள்ளலாம். வசாபி உள்ளேயே இருக்கும். கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுமே, அதே ரசாயனம்தான் இதிலும். அரைத்த பிறகுதான் உண்டாகிறது, கொஞ்ச நேரத்தில் பறந்துபோகிறது, அதனால் சுறாத்தோல் பலகையில் அப்போதைக்கப்போது தேய்ப்பார்கள். இஞ்சி ஊறுகாய் இடையிடையே வாய் கழுவ, சுஷியின் மேல் வைத்துத் தின்ன அல்ல. மூன்று வருடம் சோறு வடித்து, எட்டு வருடம் சுஷி பிடித்தால்தான் ஆளாக முடியும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அதை இங்குள்ளவர்களே இப்போது விவாதிக்கிறார்கள், சில மாதப் பயிற்சியில் கடை திறந்து பேர் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். சென்ட் போடாதீர்கள். மனைவியும் வருவதாக முடிவானால், அன்று ஒரு நாள் மல்லிகைப்பூ வேண்டாம், எட்டு இருக்கை அறையில் அந்த வாசம் எல்லாருடைய மீனிலும் ஏறும். கவுண்டர் பெரும்பாலும் ஹினோகி மரப் பலகை, மிருதுவானது, சுலபமாகக் கீறல் விழும். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வையுங்கள், போனையும் பலகை மேல் வைக்காதீர்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். குடிப்பழக்கம் இல்லை என்றால் தேநீரே போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்தத் தேநீரை 'அகாரி' என்பதும், பில்லை 'ஓஐஸோ' என்பதும் கடைக்காரர்களுக்குள் பேசும் பேச்சு. விருந்தாளி 'ஓச்சா' என்றே கேட்கலாம். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. கிளம்பும்போது 'கோச்சிசோசமா' என்று சமையல்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கடற்பாசித் தாளில் சுருட்டியதை அவர் நேராகக் கையில் நீட்டினால் கையிலேயே வாங்கி உடனே கடியுங்கள், தாமதித்தால் தாள் நமத்துவிடும்.

வெள்ளைச் சதை மீனில் தொடங்கி, சூரை, கடல்முள்ளெலி என்று போய், அனாகோ வந்து, கடைசியில் கேக் போன்ற 'தமாகோ' முட்டைத் துண்டு வந்தால் சாப்பாடு முடியப் போகிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் சமையல்காரர் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்பார். அது தனிக் கணக்கு என்பதால், அழைத்தவர் முதலில் சொல்லட்டும். அவர் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்டால், விலை உயர்ந்த சூரைக் கொழுப்பைக் கேட்காமல், 'கொஹாதா, மோ ஹிதோத்சு' என்று சொல்லுங்கள். கொஹாதா இன்னும் ஒன்று, அவ்வளவுதான் அர்த்தம்.